தோலின் நோயும் தொழிலின் பெயரும்

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு



இலக்கிய அரங்கின் நினைவுச் சொற்பொழிவுக்கு அரிப்பும் கரப்பானும் ஒரு தலைப்பா என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பண்டிதரின் பெயரால் நடக்கும் கூட்டத்தில் பேச இதைவிடப் பொருத்தமானது எங்களுக்குத் தோன்றவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, பண்டிதர் மருத்துவர். ‘தமிழன்’ இதழாசிரியர், பௌத்தத்தை மீட்டவர், சாதி வரலாற்றைக் கவிழ்த்து எழுதியவர் என்று அவரை நினைவுகூர்கிறோம். அவருடைய வாழ்க்கைத் தொழில் சித்த மருத்துவம். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது. இரண்டாவது, எந்தப் பெயரையும் அவர் கேள்வி கேட்காமல் விட்டதில்லை. இந்தப் பெயரை வைத்தது யார், யார்மேல் வைத்தார்கள், எதை மறைக்க வைத்தார்கள் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டார். நம்மேல் சுமத்தப்பட்ட பெயரை மறுத்துச் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்ற பெயரை முன்வைத்தார். நோய்க்கும் பெயர் வைக்கப்படுகிறது. அந்தப் பெயரிலும் அரசியல் இருக்கிறது. இன்று அதைத்தான் பேசப்போகிறோம்.

மூன்று பெயர்கள்

நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களின் கால்விரல் இடுக்கில் வரும் புண்ணுக்கு நம் ஊரில் சேற்றுப்புண் என்று பெயர். எங்கிருந்து வந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. கால் நாள் முழுக்கச் சேற்றில் நின்றது, அதனால் புண் வந்தது. இந்தப் பெயரை வைத்தவர்கள் சேற்றில் இறங்கியவர்கள்தான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

இரண்டாவது பெயர் வெள்ளைக்காரர்கள் வைத்தது. இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்குத் தொடை இடுக்கில் படை வந்தது. வெயிலும் வியர்வையும் இறுக்கமான உடையும் சேர்ந்து வளர்த்த பூஞ்சை அது. அவர்கள் அதற்கு ‘தோபி இட்ச்’, வண்ணார் அரிப்பு, என்று பெயர் வைத்தார்கள். துணி வெளுத்தவர் கொடுத்த நோய் என்று நம்பினார்கள். காரத்திலும் சவுக்காரத்திலும் ஊறி வெடித்துப்போன அந்தத் தொழிலாளியின் கைக்கு அவர்கள் எந்தப் பெயரும் வைக்கவில்லை. சிப்பாயின் அரிப்புக்கு மட்டும் அவருடைய சாதிப் பெயர் கிடைத்தது.

மூன்றாவது பெயர் ஜெர்மனியில் வைக்கப்பட்டது. பெர்லின் மருத்துவர் ஆல்பிரட் பிளாஷ்கோ, முலாம் பூசும் பட்டறைத் தொழிலாளர்களின் கைகளில் வந்த கரப்பானைப் பற்றி 1889இல் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘முலாம்காரர் கரப்பான்’ எனலாம். பின்னாளில் ‘நிக்கல் அரிப்பு’ என்று ஆங்கிலத்தில் வழங்கியதும், இன்று நிக்கல் ஒவ்வாமை என்று நாம் சொல்வதும் அந்தக் கைகளிலிருந்து தொடங்கிய கதைதான்.

ஆக, ஒரு பெயர் காரணத்தைச் சொல்கிறது. இன்னொன்று பழியைச் சுமத்துகிறது. மூன்றாவது, நோய்ப்பட்டவரின் தொழிலைச் சொல்கிறது. நம் மக்களின் தோல் நோய்க்கு இன்று எந்த வகைப் பெயர் கிடைக்கிறது என்று பார்ப்போம்.

நிக்கல் செய்யும் வேலை

வேலையால் வரும் தோல் அழற்சி இரண்டு வகை. ஒன்று எரிச்சலால் வருவது. காரமோ அமிலமோ கரைப்பானோ திரும்பத் திரும்பப் பட்டால் யாருடைய தோலும் கெடும். மற்றது ஒவ்வாமையால் வருவது. அதற்கு நிக்கலைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. தொடுவதால் ஒவ்வாமை உண்டாக்கும் உலோகங்களில் உலகம் முழுக்க முதலிடம் அதற்குத்தான்.

வியர்வை நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்தது தோலுக்குள் இறங்குகிறது. உடலின் பாதுகாப்பு அணுக்கள் அதை எதிரியாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கின்றன. இதற்குச் சிலருக்குச் சில வாரம் ஆகும், சிலருக்குப் பல வருடம் ஆகும். ஒருமுறை நினைவில் பதிந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அழியாது. அதற்குப் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் அரிக்கும், கொப்புளிக்கும், நீர் வடியும், வெடிக்கும்.

இதில் தொழிலாளிக்கு எதிராக வேலை செய்யும் ஒரு விஷயம் உண்டு. பட்டவுடனே அரிப்பதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தோல் எதிர்வினை காட்டும். திங்கட்கிழமை தொட்டது புதன்கிழமை அரிக்கிறது. அதற்குள் கத்தரிக்காய் சாப்பிட்டிருப்பார், கருவாடு சாப்பிட்டிருப்பார், தண்ணீர் மாறியிருக்கும். எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழும், வேலையின் மீது மட்டும் விழாது. பத்து வருடமாக இதே வேலைதானே செய்கிறோம், இத்தனை நாள் வராதது இப்போதா வரும் என்று அவரே கேட்பார். பத்தாவது வருடத்திலும் வரும் என்பதுதான் ஒவ்வாமையின் இயல்பு.

நிக்கல் நம் வீடுகளுக்குள் கவரிங் நகையாக வருகிறது. பித்தளையோ செம்போ அடி உலோகம். பெரும்பாலும் அதன்மேல் நிக்கல் பூச்சு, அதற்கும் மேல் மெல்லிய தங்க முலாம். முலாம் தேய்ந்ததும் காதும் கழுத்தும் அரிக்கத் தொடங்கும். தங்கம் வாங்க முடியாத வீட்டுப் பெண்ணின் காதில் அந்தப் புண் இருக்கும். இது வாங்குகிறவரின் தோல்.

செய்கிறவரின் தோலைப் பார்ப்போம். முலாம் பூசும் பட்டறையில் நிக்கல் சல்பேட்டும் நிக்கல் குளோரைடும் போரிக் அமிலமும் கரைத்த சூடான தொட்டிகள் இருக்கும். பம்பு உதிரிபாகம், சைக்கிள் பாகம், குழாய், நகை எல்லாம் அதில் முக்கி எடுக்கப்படும். பளபளக்கும் ‘குரோம்’ பாகங்களுக்கும் அடியில் நிக்கல்தான். மேலே மிக மெல்லியதாகக் குரோமியம் ஏற்றுவார்கள். அதற்கான தொட்டியில் குரோமிக் அமிலம். அது தெறித்து, கீறலில் இறங்கினால் குழி விழுந்ததுபோல் ஆழமான புண் வரும். அதிகம் வலிக்காது, சீக்கிரம் ஆறாது. அதன் ஆவியையே சுவாசித்துக்கொண்டிருந்தால் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழும். இவையெல்லாம் நூறு வருடத்துக்கு மேலாக மருத்துவ நூல்களில் இருப்பவை.

பாலாற்றங்கரையும் கட்டட வேலையும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, தெற்கே திண்டுக்கல். தோல் பதனிடும் இந்த ஊர்களில் தொட்டிக்குள்ளும் சுண்ணாம்புக் குழிக்குள்ளும் இறங்குவது பெரும்பாலும் நம் மக்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்த காலம் போய்க் குரோமியம் வந்தது. உப்பு தடவிய பச்சைத் தோல், மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், பிறகு கந்தக அமிலம், பிறகு குரோமிய உப்பு, கடைசியில் சாயம். ஒரு தோல் செருப்பாவதற்குள் அது கடக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு மனிதத் தோலைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. காலணி ஆலைகளில் பசை ஒட்டும் இளம்பெண்களின் விரல்நுனிகளுக்கு அந்தப் பசையில் இருக்கும் பிசினே போதும்.

வேலூர் மாவட்டத் தோல் ஆலைகளின் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பு இந்தியச் சூழலியல் சட்டத்தில் மைல்கல். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்திய மண்ணில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆனால் அந்த வழக்கின் மையம் ஆறும் நிலமும் குடிநீரும். ஆற்றில் கலப்பதற்கு முன்பே அதே கழிவில் முழங்கால்வரை நின்றவரின் கால் அந்த வழக்கின் மையத்துக்கு வரவில்லை.

கட்டட வேலையில் ஈரச் சிமெண்ட். அதன் காரம் தோலை அரிக்கும். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் ஒவ்வாமையை உண்டாக்கும். கலவை கலக்கும், பாண்டு சுமக்கும் சித்தாளின் கையைப் பாருங்கள். நாள் கூலிக்குப் போகும் கொத்தனாரின் முழங்காலைப் பாருங்கள். வயல்வெளியிலும் ரயில் பாதை ஓரத்திலும் பார்த்தீனியச் செடி பிடுங்குகிறவர்களின் முகத்தையும் கண் இமையையும் பாருங்கள். வீட்டுவேலைக்குப் போய்ப் பத்துப் பாத்திரம் தேய்க்கும் பெண்களின் கைகளைச் சொல்லவே வேண்டாம். தூய்மைப் பணியாளருக்கு ரப்பர் கையுறை கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். அந்த ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் வேதிப்பொருள்களே சிலருக்கு ஒவ்வாமை தரும். கிழிந்த கையுறைக்குள் மலநீரும் வியர்வையும் தேங்கினால், கையுறை இல்லாததைவிட மோசம்.

சீட்டில் எழுதப்படாதது

நாங்கள் சில தோழர்கள் சேர்ந்து, பட்டறைக்கும் தோல் ஷாப்புக்கும் போகிறவர்கள் வசிக்கும் தெருக்களில் புறநோயாளிச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். ஓர் இளைஞர் மூன்று வருடச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்தார். அரிப்பு மாத்திரை, களிம்பு, மறுபடி அரிப்பு மாத்திரை. பெயர் இருந்தது, வயது இருந்தது, ஆண் என்று இருந்தது. அவர் நிக்கல் தொட்டியில் வேலை செய்கிறார் என்று ஒரு சீட்டிலும் இல்லை. “டாக்டர் கேட்டாரா?” என்றோம். “குளிக்கிறியான்னு கேட்டாருண்ணா” என்றார்.

அந்தக் கேள்வியில் எல்லாம் இருக்கிறது. குளிக்கிறாயா என்றால், நோய் உன் பழக்கத்தில் இருக்கிறது, உன் தெருவில் இருக்கிறது, உன் பிறப்பில் இருக்கிறது என்று பொருள். அழுக்கைச் சாதியின் குணமாகக் காட்டிய பழைய கருத்தியல்தான் இங்கே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நோயாளியும் நல்ல பிள்ளையாக இன்னும் அதிகமாகச் சோப்பு போட்டுத் தேய்ப்பார். தோல் இன்னும் வெடிக்கும். உடைந்த தோலுக்குள் நிக்கல் இன்னும் சுலபமாக இறங்கும்.

மருத்துவக் கல்வியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தோல் அழற்சி என்றால் சிவப்பு என்றுதான் நெடுங்காலமாகப் பாடநூல் படங்கள் காட்டிவந்தன. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது நம் தோலில் கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த கருமையாக, சாம்பலாகத் தெரியும். புண் ஆறிய பிறகும் கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பார்க்கத் தெரியாத கண் அதை அழுக்கு என்கிறது. பிறகு மருந்துக்கடையில் வீரியமான ஸ்டீராய்டு கலந்த களிம்பு. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது என்று 2018இல் விதி இறுகியது. தெருமுனைக் கடைகளில் இன்றும் கேட்டால் கிடைக்கிறது. அரிப்பு இரண்டு நாள் அடங்கும், தோல் மெலியும், வேலை தொடரும்.

கையை மறைத்து வைக்க முடியாது. தோல் ஷாப்பில் இருபது வருடம் வேலை செய்த ஓர் அம்மா எங்களிடம் சொன்னார்: “ஊர்க்காரங்க நம்ம கையால தண்ணி வாங்கமாட்டாங்க, அது தெரிஞ்சதுதான். இப்ப நம்ம தெருவுலயே பந்தியில என்னைப் பரிமாற விடமாட்டேங்கறாங்க, கண்ணு.” தோழர்களே, இது நாம் கேட்க வேண்டிய வார்த்தை. தொடுவதால் வரும் ஒவ்வாமை தொற்றாது. ஆனால் தீண்டாமை நம் தெருவுக்குள்ளேயே தொற்றிக்கொள்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் கையைப் பார்த்துவிட்டுப் போன கதைகளும் நம்மிடையே உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியல். அதில் குரோமியப் புண் இருந்தது. வேதிப்பொருள் நேரடியாகப் படுவதால் வரும் தோல் அழற்சி, எரிச்சல் வகையும் ஒவ்வாமை வகையும் சேர்த்தே, இருந்தது. 89ஆம் பிரிவின்படி இந்த நோயைக் கண்ட மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பத் தவறினால் 1000 ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தப் பட்டியல் மூன்றாம் அட்டவணையாகத் தொடர்கிறது. ஆனால் மின்விசையோடு 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்று இருந்த வரையறை அதில் 20 ஆக உயர்ந்துவிட்டது. நம் பிள்ளைகள் வேலை செய்யும் முலாம் பட்டறைகள் எத்தனை பேர் கொண்டவை என்பது உங்களுக்குத் தெரியும்.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் குரோமிய நோயையும், வேலையில் படும் பொருள்களால் வரும் தோல் நோயையும் தொழில்நோயாகப் பட்டியலிட்டது. ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்தவருக்கு நோய் வந்தால், அது வேலையால் வந்ததென்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. எவ்வளவு வலுவான விதி! ஆனால் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். ஒப்பந்தக்காரர் வருகைப் பதிவில் பெயரே எழுதுவதில்லை. மருத்துவச் சீட்டில் தொழில் இல்லை. பதிவில் பெயர் இல்லை. சட்டம் மட்டும் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் பொறுப்பை வகித்த காலத்தில்தான் தொழிலாளர் காப்பீட்டுக்கான திட்ட அறிக்கை தயாரானது. இ.எஸ்.ஐ. அட்டை கையில் இருப்பவர்கள்கூடத் தோல் அரிப்பைத் தொழில்நோய் என்று அங்கே பதிவு செய்யச் சொல்லிக் கேட்பதில்லை.

உறுதிப்படுத்தச் சோதனை இருக்கிறது. 1895இல் யோசப் யாடசோன் முன்வைத்த ஒட்டுச் சோதனை. சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்து, அதற்கும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நிக்கல், குரோமியம், கோபால்ட் மூன்றும் வழக்கமான சோதனைத் தொகுப்பில் உண்டு. ஆனால் மூன்று முறை மருத்துவமனைக்கு வர வேண்டும், இடையில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. மூட்டை தூக்குகிறவருக்கு வியர்க்காமல் இருப்பது என்றால் வேலைக்குப் போகாமல் இருப்பது என்று பொருள். அந்த நாட்களின் கூலியையும் சேர்த்துத்தான் சோதனையின் விலையைக் கணக்கிட வேண்டும்.

யாருடைய தோலுக்குச் சட்டம்

முலாம்காரரின் கையைப் பற்றி பிளாஷ்கோ எழுதியது 1889இல் என்றோம். தோலில் நீண்ட நேரம் படும் பொருள்களிலிருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்று டென்மார்க் சட்டம் வரம்பு வைத்தது 1990இல். இடையில் 101 வருடம். அந்தச் சட்டம் வரக் காரணம் தொழிலாளியின் கை அல்ல. கம்மல் போட்ட இளம்பெண்களின் காது, ஜீன்ஸ் பொத்தான் பட்ட வயிறு. 1994இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதே வழியில் வந்தது. சட்டத்துக்குப் பிறகு காது குத்திய டென்மார்க் இளம்பெண்களிடையே நிக்கல் ஒவ்வாமை குறைந்தது. அந்தப் பெண்கள் காப்பாற்றப்பட்டது நல்லதே. ஆனால் முதலில் நோய்ப்பட்டது யார், முதலில் சட்டம் கிடைத்தது யாருக்கு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிமெண்டின் கதை வேறு. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் வேலை செய்கிறவர்கள்தான். டென்மார்க்கில் 1983 முதல் சிமெண்டில் நீரில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியம் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. செய்முறை எளிது. கொஞ்சம் இரும்பு சல்பேட் கலந்தால் குரோமியம் தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாறிவிடும். 2005 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இதே வரம்பு. பெரிய விஞ்ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. கொத்தனாரின் கை முக்கியம் என்று ஒரு சமூகம் முடிவு செய்தது, அவ்வளவுதான். நம் சித்தாள் தூக்கும் மூட்டைக்கும் அதே வரம்பைக் கட்டாயமாக்கு என்று கேட்க வேண்டியது நம் சங்கங்கள்.

நாம் செய்யக்கூடியது

1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளர் நோய்கள் பற்றி முதல் பெருநூலை எழுதினார். அவரை அதற்குத் தூண்டியவர் அவருடைய வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த ஒரு தொழிலாளி. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு ‘உன் தொழில் என்ன’ என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று அந்த நூலில் அவர் வலியுறுத்தினார். முன்னூறு வருடம் கடந்துவிட்டது. மலக்குழியில் இறங்குகிறவர்கள் இன்னும் நம் நாட்டில் இறங்குகிறார்கள். அந்தக் கேள்வி நம் புறநோயாளிப் பிரிவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அதனால் அந்தக் கேள்வியை நாமே கொண்டுபோவோம். இங்கே இருக்கும் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் சில வேண்டுகோள்கள்.

உங்கள் வீட்டிலிருந்து யார் மருத்துவமனைக்குப் போனாலும், சீட்டில் தொழிலை எழுதச் சொல்லுங்கள். ‘கூலி’ என்று எழுதினால் போதாது. நிக்கல் தொட்டி, சிமெண்ட் கலவை, சுண்ணாம்புக் குழி என்று எழுத வேண்டும். விடுப்பில் இருந்தபோது குறைந்ததா, வேலைக்குத் திரும்பியதும் கூடியதா என்று தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். வழக்கு என்று வந்தால் அந்த நோட்டு உதவும்.

வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை. டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலையும் அம்மோனியாவையும் பஞ்சில் தொட்டு ஒரு பொருளைத் தேய்த்தால், நிக்கல் கசியும் பொருள் என்றால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் பொருள்தான். ஆசிரியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உங்கள் தெருவின் கம்மலையும் கொலுசையும் கைப்பிடிகளையும் சோதித்துப் பட்டியல் போடுங்கள்.

சட்டம் படிக்கும் மாணவர்கள், தொழில்நோய் அறிவிப்புகள் உங்கள் மாவட்டத்திலிருந்து எத்தனை போயிருக்கின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் சுழியம் என்று வந்தால், நோயில்லை என்று யாரும் அதற்குப் பொருள் சொல்ல விடாதீர்கள்.

எழுதுகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களை வைத்து டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பாமா தன் நூலுக்குக் ‘கருக்கு’ என்று பெயர் வைத்தபோது, தோலைக் கிழிக்கும் பனங்கருக்கையே தலைப்பாக்கினார். நம் இலக்கியத்துக்குத் தோல் புதிதில்லை. முலாம் பட்டறையின் கை, சிமெண்டின் முழங்கால், ரப்பர் கையுறைக்குள் இருக்கும் விரல்கள் இன்னும் எழுதப்பட வேண்டும். எழுதும்போது அவற்றுக்கு வேலையின் பெயரை வையுங்கள்.

நம் பாட்டிகள் சேற்றுப்புண் என்றார்கள். யாரும் அவர்களுக்குத் தொழில்நோயியல் சொல்லிக்கொடுக்கவில்லை. அதே துணிச்சலோடு இன்று நாம் நிக்கல் புண் என்றும் சிமெண்ட் புண் என்றும் தொட்டிப் புண் என்றும் சொல்லத் தொடங்க வேண்டும். பெயர் மாறினால் நோய் உடனே ஆறிவிடாது. ஆனால் யாரிடம் ஈடு கேட்பது என்பது தெரிந்துவிடும்.